ஒரு கோழியின் கட்டி, 55 வருடக் காத்திருப்பு: பெய்டன் ரௌஸின் கதை

நாய்க்கும் புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் எங்களிடையே இன்னமும் இருக்கிறார்கள். வரும். கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களுக்கு வயது போகப் போக முலைப் பகுதியில் கட்டிகள் வருவது மிருக வைத்தியர்கள் அடிக்கடி காணும் விடயம். பெரிய இன நாய்களின் கால் எலும்பில் வரும் புற்றுநோயையும், பதின்ம வயதுப் பிள்ளைகளின் முழங்காலுக்கு அருகே வரும் எலும்புப் புற்றுநோயையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு காண்பது கடினம். பூனைக்கு இரத்தப் புற்றுநோய் வரும். கோழிக்கும் கட்டி வரும்.

மிருகத்துக்கு வருவதும் மனிதருக்கு வருவதும் அடிப்படையில் ஒரே நோய்தான் என்பது இன்று மருத்துவ உலகம் சாதாரணமாக ஏற்றுக்கொண்ட ஒன்று. நூறு வருடங்களுக்கு முன்னர் நிலைமை அப்படி இருக்கவில்லை. கோழியில் தான் கண்டதை மனிதரின் புற்றுநோயோடு சேர்த்துப் பேசிய ஓர் இளம் வைத்தியரை, சக விஞ்ஞானிகளே நம்ப மறுத்தார்கள். அவர் பெயர் பிரான்சிஸ் பெய்டன் ரௌஸ். தான் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டு நோபல் பரிசைக் கொடுத்தபோது அவருக்கு வயது 87.

ரௌஸ் 1879 ஒக்டோபர் 5 ஆம் திகதி அமெரிக்காவின் பல்டிமோர் நகரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளோடு தாய் தனித்து நின்றார். தாயின் உறவினர்கள் ரெக்சாஸ் மாநிலத்தில் ஓரளவு வசதியாக இருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் குடும்பத்தின் கஷ்டம் குறைந்திருக்கும். ஆனால் பல்டிமோரில்தான் பிள்ளைகளுக்கு நல்ல படிப்புக் கிடைக்கும் என்று சொல்லி அந்தப் பெண் அங்கேயே இருந்துவிட்டார். இப்படியான தாய்மார்களை எங்கள் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்த முடிவின் பலனாக ரௌஸ் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். படிக்கும் காலத்தில், ஒவ்வொரு மாதமும் பூக்கும் காட்டுப் பூக்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிச் சிறிது பணமும் சம்பாதித்தார். 1900 இல் பட்டம் பெற்று அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடத்துக்குள் நுழைந்தார். அங்கே ஒரு விபத்து நடந்தது. காசநோயால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதிக்கும்போது எலும்பு கீறி அவருடைய விரலில் காயம் ஏற்பட்டது. காசநோய்க் கிருமி உடலுக்குள் போய் அக்குளில் உள்ள நிணநீர்க் கணு வீங்கியது. அன்று காசநோய்க்கு மருந்து இல்லை. கணுவை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போகச் சொன்னார்கள். ரெக்சாஸில் இருந்த தாய்வழி உறவினரின் உதவியோடு ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போனார். சுமார் ஒரு வருடம் குதிரையில் ஏறி மாடு மேய்த்தார். திறந்த வெளியில் படுத்துறங்கினார். அந்த வருடம் தன் வாழ்நாள் முழுவதற்கும் போதுமான பலத்தைக் கொடுத்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்வதுண்டு.

1905 இல் வைத்தியரானார். ஆனால் வைத்தியசாலையில் பணியாற்றத் தொடங்கிய கொஞ்சக் காலத்திலேயே, நோயாளிகளைப் பார்க்கும் தொழில் தனக்குச் சரிவராது என்று அவர் முடிவு செய்துவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியர் அல்ட்ரெட் வார்தின் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பேராசிரியரின் ஆதரவில் 1907 இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகருக்குச் சென்று பயின்றார். திரும்பி வந்தபோது காசநோய் இம்முறை நுரையீரலில் எட்டிப்பார்த்தது. மறுபடியும் மலைப்பகுதியில் ஓய்வு. மறுபடியும் தேறினார்.

1909 இல் நியூயோர்க்கில் இருந்த றொக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஓர் இடம் வெற்றிடமானது. நிறுவனத்தின் தலைவர் சைமன் பிளெக்ஸ்னர் தானே நடத்திவந்த புற்றுநோய் ஆய்வை விட்டுவிட்டு இளம்பிள்ளை வாதத்தின் பக்கம் போக விரும்பினார். அந்த இடத்துக்கு ரௌஸை அழைத்தார். போக வேண்டாம் என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த நாளில் புற்றுநோய் ஆய்வு என்பது முன்னேற விரும்பும் இளைஞர் ஒருவர் தெரிவுசெய்யும் துறையாக இருக்கவில்லை. காரணமும் தெரியாது, மருந்தும் கிடையாது. ரௌஸ் போனார்.

அதே 1909 இல், கோழி வளர்க்கும் ஒருவரின் கோழி அவரிடம் வந்து சேர்ந்தது. பிளிமத் ரொக் என்ற இனத்தைச் சேர்ந்த, வரி போட்ட இறகுள்ள பேட்டுக்கோழி. நெஞ்சுப் பக்கத்தில் பெரிய கட்டி ஒன்று புடைத்திருந்தது. வேறு யாராவது என்றால் அறுத்துக் குழியில் போட்டிருப்பார்கள். ரௌஸ் கட்டியின் ஒரு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அது சார்கோமா, அதாவது தசையிலோ இணைப்பிழையத்திலோ உருவாகும் புற்றுநோய்.

முதலில் அவர் செய்தது எளிய பரிசோதனை. கட்டியின் சிறு துண்டுகளை வேறு கோழிகளின் உடலில் பதித்தார். முதல் கோழிக்கு நெருங்கிய உறவான, ஒரே மந்தையைச் சேர்ந்த சில கோழிகளில் மட்டும் கட்டி வளர்ந்தது. அந்தக் கட்டியை எடுத்து அடுத்த கோழிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனபோது கட்டி மேலும் மேலும் மூர்க்கமானது. விரைவாக வளர்ந்தது, மற்ற உறுப்புகளுக்கும் பரவியது. மனிதரின் புற்றுநோய் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே.

இதுவரை பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. உயிருள்ள கலங்களைப் பதித்தால் வளரத்தான் செய்யும். அதற்கு அடுத்ததாக அவர் செய்ததுதான் வரலாறு. கட்டியை மணலோடு சேர்த்து அரைத்தார். உப்புநீர்க் கரைசலில் கலக்கி, வேகமாகச் சுழற்றி, பின்னர் பக்ரீரியாவைக்கூட உள்ளே விடாத மிக நுண்ணிய வடிகட்டியால் வடித்தார். வடிந்து வந்த தெளிந்த நீரில் ஒரு கலம்கூட இல்லை. அந்த நீரை நல்ல சுகத்தோடு இருந்த கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அவற்றுக்கும் அதே கட்டி வந்தது.

கலமே இல்லாத நீரிலிருந்து புற்றுநோய் எப்படி வரும்? கண்ணுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் தெரியாத ஏதோ ஒன்று அதில் இருந்தாக வேண்டும். இன்று அதை வைரஸ் என்கிறோம். அவருடைய கட்டுரைத் தலைப்பில் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஒரு காரணி என்று மட்டும் அடக்கமாக எழுதினார். 1911 இல் வெளிவந்த அந்தக் கட்டுரைகள் எழுதப்பட்டபோது அவருக்கு 31 வயது.

டென்மார்க்கில் எல்லர்மன், பாங் என்ற இருவர் 1908 இலேயே கோழிகளின் இரத்தப் புற்றுநோய் இப்படி வடிகட்டிய நீரால் பரவுவதைக் காட்டியிருந்தார்கள். ஆனால் அந்த நேரம் இரத்தப் புற்றுநோயைப் புற்றுநோய் என்றே பலர் கணக்கெடுக்கவில்லை. ரௌஸின் கோழியில் இருந்ததோ கண்ணால் காணக்கூடிய திடமான கட்டி. தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் தட்டிக்கழித்தார்கள்.

எப்படி? ஒரு சாரார், கோழி பறவையினம், மனிதர் பாலூட்டி, அதை இதோடு ஒப்பிடக் கூடாது என்றார்கள். இன்னொரு சாராரின் வாதம் இன்று யோசித்தால் சிரிப்பை வரவழைக்கும். புற்றுநோய்க்குக் காரணம் எது என்று தெரியாது. ரௌஸின் கட்டிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆகவே அது புற்றுநோயாக இருக்க முடியாது.

வேறொரு பயமும் இதற்குள் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தொற்று என்ற சொல்லைப் புற்றுநோயோடு சேர்ப்பதற்கு வைத்தியர்கள் தயங்கினார்கள். எங்கள் ஊர்களிலும் புற்றுநோய் வந்தவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் கொடுக்கும் வீடுகள் உண்டு. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் உள்ளவரோடு ஒன்றாக இருந்து சாப்பிடுவதாலோ அவரைப் பராமரிப்பதாலோ அந்த நோய் வராது. ரௌஸின் வைரஸ் கோழிகளுக்கு உரியது. கோழி இறைச்சி சாப்பிட்டு மனிதருக்குப் புற்றுநோய் தொற்றியதற்கு எந்தச் சான்றும் இல்லை. பூனைகளில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸை ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் மிருக வைத்திய விஞ்ஞானி வில்லியம் ஜரெட்டும் அவரது குழுவினரும் 1964 இல் கண்டுபிடித்தார்கள். அது ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்குப் போகும், வளர்ப்பவருக்குப் போகாது.

ரௌஸ் எலிகளிலும் வேறு மிருகங்களின் கட்டிகளிலும் இதே போன்ற காரணியைத் தேடினார். கிடைக்கவில்லை. பாலூட்டிகளில் காட்ட முடியாதவரை தன்னை யாரும் நம்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1915 அளவில் புற்றுநோய் ஆய்வைக் கைவிட்டார். அந்த வருடம்தான் மரியன் டிகே என்ற பெண்ணைத் திருமணமும் செய்தார். மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

அப்போது ஐரோப்பாவில் முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டடி பட்டவர்கள் பலர் காயத்தால் அல்லாமல் இரத்தம் போயே இறந்தார்கள். அந்த நாளில் இரத்தம் கொடுப்பவரை நோயாளிக்குப் பக்கத்தில் படுக்க வைத்து அப்போதைக்கப்போது ஏற்ற வேண்டும். சிற்றேற்று என்ற உப்பைச் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பது சற்று முன்னர்தான் தெரியவந்திருந்தது. ஆனால் செங்குருதிக் கலங்கள் சில நாட்களில் உடைந்துவிடும். ரௌஸும் அவரோடு பணியாற்றிய ரேர்னர் என்பவரும் சிற்றேற்றோடு சீனிக் கரைசலையும் சேர்த்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்தபோது கலங்கள் வாரக்கணக்கில் பழுதடையாமல் இருந்தன. 1916 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். றொக்ஃபெல்லரில் இருந்து போர்முனைக்குச் சென்ற ஒஸ்வால்ட் றொபர்ட்சன் என்ற இராணுவ வைத்தியர் 1917 இல் அந்தக் கரைசலில் இரத்தத்தைச் சேமித்து, பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்து, காயப்பட்டவர்களுக்கு ஏற்றினார். சண்டை தொடங்கும் முன்னரே இரத்தம் தயாராக இருந்தது. உலகின் முதல் இரத்த வங்கி என்று பலர் சொல்வது இதைத்தான்.

ரௌஸின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பகுதிக்கு இரண்டு மூன்று வரிகளே ஒதுக்குகிறார்கள். அது எனக்கு எப்போதும் ஆச்சரியம். 2009 இல் வன்னியில் சேமித்த இரத்தம் தீர்ந்துபோன நேரம், காயப்பட்டவரின் உடலிலிருந்து வழிந்த இரத்தத்தையே பையில் ஏந்தி, துணியால் வடித்து, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள் வைத்தியர்கள். குளிரூட்டியில் இரத்தப் பை ஒன்று இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை அந்தக் கூடாரங்களில் படுத்திருந்தவர்கள் அறிவார்கள்.

போர் முடிந்த பின்னரும் ரௌஸ் புற்றுநோய்க்குத் திரும்பவில்லை. பித்தப்பை, ஈரல் பற்றிய ஆய்வுகளில் பல வருடங்கள் போயின. 1921 முதல் ஒரு மருத்துவ ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தார். அந்த வேலையை இறக்கும்வரை விடவில்லை. மற்றவர்களின் கட்டுரைகளை வரிவரியாகத் திருத்துவதில் பெயர் போனவர். அவருடைய திருத்தங்களுக்குப் பயந்த விஞ்ஞானிகள் பலர்.

இதற்கிடையில் 1926 இல், இரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லான்ட்ஸ்ரைனர் ரௌஸின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். அந்த வருடத்துக்குரிய பரிசு புற்றுநோய்க்குத்தான் போனது. ஆனால் ரௌஸுக்கு இல்லை. ஒருவகைப் புழு எலிகளின் இரைப்பையில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சொன்ன டென்மார்க் விஞ்ஞானி யொஹானஸ் ஃபிபிகருக்குக் கிடைத்தது. பின்னர் அந்த முடிவு பிழை என்று தெரியவந்தது. அந்த எலிகளின் உணவில் விற்றமின் ஏ போதாமல் இருந்ததே பெரும்பகுதிக் காரணம். சூடு கண்ட பூனைபோல் நோபல் குழு அதன் பிறகு நீண்ட காலம் புற்றுநோய் ஆய்வுகளின் பக்கமே வரத் தயங்கியது.

1933 இல் ரிச்சட் ஷோப் என்ற நண்பர் ரௌஸிடம் வந்தார். அமெரிக்காவின் நடுப்பகுதியில் வாழும் காட்டு முயல்களின் தலையிலும் உடலிலும் கொம்புபோல் கறுத்த மருக்கள் வளர்வதுண்டு. அவற்றுக்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று ஷோப் கண்டுபிடித்திருந்தார். மேற்கொண்டு ஆராயும்படி அதை ரௌஸிடம் ஒப்படைத்தார். 54 வயதில் ரௌஸ் தன் பழைய கேள்விக்குத் திரும்பினார். அந்த மருக்கள் வீட்டு முயல்களில் காலப்போக்கில் உண்மையான புற்றுநோயாக மாறுவதை அவரும் ஜோசப் பியேர்டும் காட்டினார்கள். கோழிக்கு மட்டும் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. முயலும் பாலூட்டிதான்.

அந்த முயல் வைரஸின் உறவுக்கார வைரஸ் ஒன்றுதான் பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு உறுதியானது. இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு 2017 முதல் கொடுக்கப்படும் தடுப்பூசி அந்த வைரஸுக்கு எதிரானதே. ஊசி போட வந்த சுகாதார உத்தியோகத்தர்களிடம் பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்ட பெற்றோர், முயலின் மருவில் தொடங்கிய இந்தக் கதையை அறிந்திருக்க நியாயமில்லை. இன்று உலகில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுக்கு ஏதோ ஒரு தொற்றே காரணம் என்று கணக்கிடுகிறார்கள்.

முயல்களோடு ரௌஸ் செய்த இன்னொரு வேலையும் உண்டு. முயலின் காதில் தாரைப் பூசிக்கொண்டு வந்தால் மருக்கள் தோன்றும். பூசுவதை நிறுத்தினால் பல மருக்கள் மறைந்துவிடும். பின்னர் அதே இடத்தில் காயம் ஒன்றை உண்டாக்கினால், ஆறும் காயத்தின் ஓரத்தில் பழைய கட்டி திரும்பவும் எழும்பும். இதிலிருந்து அவர் கண்டது: ஒரு கலம் கெட்டுப்போவது முதற்படி. கெட்ட கலம் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம். அதைத் தட்டி எழுப்புவது வேறொரு தூண்டல். இது அடுத்தடுத்த தலைமுறை விஞ்ஞானிகளுக்குப் பெரிய வழிகாட்டியாக அமைந்தது. இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலையோடு வெற்றிலை போட்டு, கன்னத்தின் உட்பக்கத்தை நாள்தோறும் புண்ணாக்கிக்கொண்டிருப்பவருக்கு முப்பது வருடம் எதுவும் நடக்காமல் இருந்து திடீரென்று ஏன் நோய் வருகிறது என்று புரிந்துகொள்ள, அந்த முயலின் காது உதவும்.

1945 இல் ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது கடதாசியில் மட்டும்தான். ஆய்வுகூடத்துக்கு வந்துகொண்டே இருந்தார். 1958 இல் ஹரி ரூபின், ஹவார்ட் ரெமின் என்ற இளைஞர்கள், ரௌஸின் வைரஸ் கண்ணாடிப் பாத்திரத்தில் உள்ள கோழிக் கலங்களை எப்படி மாற்றுகிறது என்பதை எண்ணிக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அந்தப் பழைய வைரஸ் உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் நுழைந்தது. 1963 இல் ரௌஸின் மருமகன் அலன் ஹொட்ஜ்கினுக்கு நரம்புகள் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது. மருமகனுக்குக் கிடைத்து மூன்று வருடங்களின் பின்னர், 1966 இல், மாமனாருக்குக் கிடைத்தது.

பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சார்ள்ஸ் ஹக்கின்ஸ். வயதானால் ஆண்களுக்குத் தொல்லை கொடுக்கும் புரொஸ்டேட் சுரப்பி, மிருகங்களில் வயதான ஆண் நாய்களுக்கும் தொல்லை கொடுக்கும். ஹக்கின்ஸ் அந்த நாய்களை வைத்துத்தான் ஆண் ஹோர்மோனுக்கும் சுரப்பியின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். 1941 இல் அதை நோயாளிகளின் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். ஒரு மேடையில் கோழியின் ஆளும் நாயின் ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அந்த மேடையிலும் ரௌஸ் ஒரு பிழை விட்டார். அதை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கலத்தின் மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் புற்றுநோய் வருகிறது என்ற கருத்து அப்போது வலுப்பெற்று வந்தது. ரௌஸ் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. நோபல் உரையிலேயே அதை எதிர்த்துப் பேசினார். தன் கண்டுபிடிப்பைப் பலர் தட்டிக்கழித்ததைப் போலவே, மற்றவர்களின் கருத்தை அவரும் தட்டிக்கழித்தார்.

1970 பெப்ரவரி 16 ஆம் திகதி, 90 ஆவது வயதில், நியூயோர்க்கில் இறந்தார். அதே வருடத்தின் நடுப்பகுதியில் ரெமினும் டேவிட் பல்டிமோரும், ரௌஸின் வைரஸ் போன்றவை தமது மரபுச் செய்தியைக் கலத்தின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே எழுதிவிடுகின்றன என்று நிரூபித்தார்கள். எயிட்ஸ் வைரஸ் கலத்துக்குள் பெருகுவது எப்படி என்று பிற்காலத்தில் விளங்கிக்கொள்ள முடிந்தது இதனால்தான். 1976 இல் மைக்கல் பிஷப், ஹரோல்ட் வார்மஸ் குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். ரௌஸின் வைரஸில் புற்றுநோயை உண்டாக்கும் அந்த ஒரு மரபணு, வைரஸுக்குச் சொந்தமானதே இல்லை. எப்போதோ ஒரு காலத்தில் கோழியின் நல்ல கலத்திலிருந்து அது களவெடுத்துக்கொண்ட சாமான். சார்க் என்று பெயரிடப்பட்ட அந்த மரபணு எல்லாக் கோழிகளிலும் இருக்கிறது. மனிதரிலும் இருக்கிறது. ஒழுங்காக இருக்கும்போது கலம் வளர உதவும், கெட்டுப்போனால் வளர்ச்சி நிற்காது. ரௌஸ் ஏற்க மறுத்த கருத்தை ரௌஸின் கோழியே நிரூபித்தது.

அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை ஆராய்ந்தபோது, கலத்துக்கு வளரும்படி சமிக்ஞை கொடுக்கும் ஒரு நொதியக் குடும்பமே வெளிப்பட்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நொதியங்களைத் தடுப்பதற்கென்று மருந்துகள் வரத் தொடங்கின. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இமற்றினிப் என்ற குளிசை 2001 இல் பாவனைக்கு வந்தது. நாய்களின் தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்காக டொசெரனிப் என்ற குளிசைக்கு அமெரிக்கா 2009 இல் அனுமதி கொடுத்தது. நாயின் புற்றுநோய்க்கென்றே அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் மருந்து அது. மனிதரின் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சுனிற்றினிப் அதற்கு மிக நெருங்கிய உறவுக்கார மருந்து.